7,000 ரூவாக் குச்சியும் 16 ஓம் மாமனும்

மருமவனே, உன் பணிவை நெனச்சா எனக்குப் புல்லரிக்குது. காதுலே சொருகிப் பாட்டுக் கேக்க 7,000 ரூவாய்க்கு ஒரு குச்சி டேக் (DAC) வாங்கணும், எது நல்லதுன்னு எங்கிட்டே கேக்கே. நான் யாரு? ஊர் ஊராக் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டி, புளியமரத்து உச்சியிலே குழாய் ஏத்தி, மூணு ஊருக்குப் பாட்டுப் போட்டவன். ஒரே ஒரு காதுக்குப் பாட்டுப் போடுறதுக்கு என்னை விட்டா ஆள் ஏதுடே! அதிலேயும் வாங்குறதுக்கு முன்னாலே கேட்டிருக்கே. உங்க அப்பா எதையும் வாங்கின பொறவுதான் கேப்பார். அந்த வகையிலே நம்ம குடும்பம் முன்னேறியிருக்குன்னுதான் சொல்லணும்.

மொதல்லே ஒரு ரகசியத்தைச் சொல்லுதேன், வெளியே விட்டுராதே. உன் ஃபோனுக்குள்ளேயே ஒரு டேக் இருக்கு. ஸ்பீக்கர்லே உன் பொண்டாட்டி திட்டுறது தெளிவாக் கேக்குதுல்லா? அந்தத் திட்டு வெறும் எண்ணாத்தான் காத்துலே வந்துது. அதைச் சத்தமா மாத்தி உன் காதுலே போட்டது ஒரு டேக்தான். லேப்டாப்புக்குள்ளே ஒண்ணு இருக்கு. உன் புளூடூத் ஹெட்போனுக்குள்ளே தனியா ஒண்ணு இருக்கு. அதுக்கு நீ வாங்குற குச்சியாலே காக்காசுப் பிரயோசனம் கெடையாது. ஆக, இல்லாத ஒண்ணை நீ வாங்கலை. மூணு வெச்சுக்கிட்டு நாலாவதா ஒண்ணு தேடுதே. ஆசைக்கு அளவில்லேன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக!

சரி, ஏன் தேட வேண்டி வந்துதுன்னு பாரு. 2016 செப்டம்பர்லே ஆப்பிள் கம்பெனி ஐபோன் 7லே ஹெட்போன் ஓட்டையை அடைச்சுது. மேடையிலே அதுக்குச் சொன்ன காரணம் ‘துணிச்சல்’. ஒரு ஓட்டையை அடைக்க எவ்வளவு துணிச்சல் வேணும்னு நம்ம ஊர்க் கொத்தனார்கிட்டே கேட்டாச் சொல்லுவார். அந்த வருஷம் கூகுள்காரன் பிக்சல் ஃபோனை விட்டப்போ, எங்கிட்டே ஓட்டை இருக்கேன்னு விளம்பரத்துலே குத்திக் காட்டினான். 2017லே பிக்சல் 2 வந்துது, ஓட்டையைக் காணோம். சாம்சங்காரனும் விளம்பரம் எடுத்துச் சிரிச்சான். 2019லே நோட் 10 வந்துது, அங்கேயும் காணோம். கேலி பண்ணினவன் எல்லாம் வரிசையா வந்து அடைச்சான். ஆப்பிள்காரன் ஐபோன் 7 டப்பாவிலே ஒரு சின்ன வால் ஒயராவது சும்மா வெச்சிருந்தான். 2018லே அதையும் எடுத்துட்டு 9 டாலருக்கு வித்தான். ஓட்டையை அடைச்சவனே ஓட்டை விக்கிற யாவாரம் எங்க காலத்துலே கெடையாது.

அந்த 9 டாலர் வாலை எளக்காரமா நெனைக்காதே. அதுக்குள்ளே ஒரு முழு டேக்கும், ஒரு குட்டி ஆம்ப்ளிபையரும் உக்காந்திருக்கு. வெறும் ஒயர்னு நெனச்சுக்கிட்டு நீ கடையிலே கேட்டா, கடைக்காரன் நெஜமாவே வெறும் ஒயரைத்தான் தருவான். சி டைப் கன்வெர்ட்டர்லே ரெண்டு ரகம் உண்டு. ஒண்ணுலே சிப் இருக்கும். இன்னொண்ணுலே ஒயர் மட்டுந்தான். ஃபோனே உள்ளே சத்தமா மாத்தி சி ஓட்டை வழியா அனுப்பினாத்தான் அது வேலை செய்யும். அப்பிடி அனுப்பாத ஃபோன்லே சொருகினா, பாட்டு ஸ்பீக்கர்லேயே ஊரறியப் பாடும். ரெண்டையும் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு: லேப்டாப்புலே சொருகு. சவுண்டு பட்டியல்லே புதுசா ஒரு பேர் மொளைச்சா உள்ளே சிப் இருக்கு. ஒண்ணும் மொளைக்கலேன்னா பில்லைத் தேடு.

இனி நீ மயங்கிக் கெடக்கிற எண்ணுக்கு வாரேன். டப்பா மேலே 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்னு பொன் எழுத்துலே போட்டிருக்கான், நீ வாயைப் பொளந்துட்டே. டேக் என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும்னா மார்கழி மாசம் உங்க அத்தை வாசல்லே கோலம் போடுறதைப் பாரு. புள்ளி வெச்சிருப்பா, அதைச் சுத்திக் கம்பி இழுப்பா. பாட்டு உன் ஃபோன்லே புள்ளியாத்தான் இருக்கு. ஒரு நொடிக்கு 44,100 புள்ளி. 1982 அக்டோபர்லே ஜப்பான்லே சி.டி. கடைக்கு வந்தப்போ வெச்ச கணக்கு அது. அந்தப் புள்ளி வழியா வளைவை இழுக்கிறதுதான் டேக்கோட ஜோலி.

புள்ளி கூடினாக் கோலம் அழகாகாதான்னு கேப்பே. ஆகாது. மனுசக் காது மேலே போனாப் போகட்டும், 20,000 ஹெர்ட்ஸ். உன் வயசுக்கு அதுவே வராது, என் வயசைப் பத்திப் பேச்சே எடுக்காதே. அதுலே ரெண்டு மடங்குக்கு மேலே புள்ளி இருந்துட்டா, அத்தனை புள்ளி வழியாவும் போற வளைவு ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும். 1949லே ஷானன்னு ஒரு ஆளு இதைக் கணக்குப் போட்டு அச்சுலேயே ஏத்திட்டார். அத்தை 768 வரிசை புள்ளி வெச்சாலும் கோலம் அதே கோலம்தான், முதுகுதான் போகும்.

பிட்டுக் கணக்கும் அதே கதை. 16 பிட்டுன்னா ஓசையோட அடிக்கும் உச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபெல். உன் ஃப்ளாட்டுலே ஃபேன் ஓடுதது, மேல் வீட்டுப் பிள்ளை சைக்கிள் ஓட்டுதது எல்லாமாச் சேந்து அதுலே அடிப்பங்கை முழுங்கிரும். மிச்சத்தைக் கேக்கவே உனக்கு நேரம் காணாது. 2021லே ஆப்பிள் மியூசிக் தரத்தைக் கூட்டினப்போ அவன் வெச்ச உச்சமே 24 பிட், 192. நீ வாங்கப் போற குச்சி 768 வரைக்கும் போகும். என்னைக்காவது ஒரு வௌவால் உன் வீட்டுக்கு விருந்தாளியா வந்தா மாட்டி விடு, சந்தோசப்படும்.

மாமனுக்குப் பொறாமை, அதான் பேசுதான்னு நெனைக்காதே. 2007லே மேயர், மோரான்னு ரெண்டு பேர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி பத்திரிகையிலே ஒரு சோதனையை எழுதினாக. ஒசந்த தரத் தட்டுப் பாட்டை ஒரு தரம் நேரா விட்டாக; ஒரு தரம் நடுவே 16 பிட், 44.1 வழியா எறக்கி விட்டாக. எது எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திக் கேக்க வெச்சாக. கேட்டவங்கள்லே தொழில்காரனும் உண்டு, ஆடியோப் பைத்தியமும் உண்டு. சாதாரணச் சத்தத்துலே கேட்டுச் சொன்ன விடை, காசைச் சுண்டிப் பாத்ததுக்கு மேலே ஒரு படி ஏறலை.

அப்போ டேக்கே வேண்டாமான்னு கேக்கியா? அவசரப்படாதே. வேணுங்கிற இடம் மூணு இருக்கு.

மொதல் இடம் சொல்லியாச்சு: ஓட்டை இல்லாத ஃபோன். 1,000 ரூவா அளவுலே முடிஞ்சுது.

ரெண்டாவது, இரைச்சல். நீ ஆபீஸ் வேலை பாக்கிற டெஸ்க்டாப்புலே முன்பக்க ஓட்டை இருக்குல்லா? அந்த ஒயர் பெட்டிக்குள்ளே கிராபிக்ஸ் கார்டு, ஃபேன், பவர் சப்ளை எல்லாத்துக்கும் கும்பிடு போட்டுக்கிட்டே முன்னாலே வருது. வர்ற வழியிலே அவுக பேச்செல்லாம் இது காதுலே விழும். பாட்டை நிறுத்து. ஹெட்போனைக் காதுலே இருந்து கழுத்துக்கு எறக்கு. வால்யூமைக் கூட்டிக்கிட்டே மவுசை ஆட்டு. ஆட்ட ஆட்டக் ‘கிர்ரு கிர்ரு’ன்னு கேட்டா உனக்கு டேக் வேணும். சத்தமா மாத்துற வேலையைப் பெட்டிக்கு வெளியே கொண்டு போயிட்டா அந்த வம்பு தீரும். ஒண்ணுமே கேக்கலேன்னா உன் மதர்போர்டுக்காரன் யோக்கியன். அவனுக்கு நன்றி சொல்லிட்டுப் பேசாம இரு.

இன்னொரு இரைச்சல் உண்டு. லேப்டாப்புலே இருந்து பெரிய ஸ்பீக்கருக்குக் குடுத்தா ‘ம்ம்ம்’னு ஒரே முனகல். சார்ஜரைப் பிடுங்கு. முனகல் நின்னா அது எர்த்து தகராறு. எங்க தொழில்லே ‘ஹம்’முன்னு சொல்லுவோம். 7,000 ரூவாக் குச்சி போட்டாலும் அது போகாது. 7,000 ரூவாத் தரத்துலே முனகும்.

மூணாவது, தெம்பு. நம்ம குழாய்க்குள்ளே இருக்கிற யூனிட் 16 ஓம். உன் காதுலே சொருகியிருக்கியே ஒரு பொடி, அந்த மாதிரிப் பொடி நெறையத்துக்கு ஓம் எவ்வளவு தெரியுமா? அதுவும் 16தான்! ஓம் ஒண்ணுதான், பசி வேறே. குழாய்க்கு 40 வாட்டு, 60 வாட்டு போட்டாத்தான் அடுத்த ஊர்க்காரன் எந்திரிப்பான். பொடிக்கு ஒரு மில்லிவாட்டு, அதாவது வாட்டுலே ஆயிரத்துலே ஒரு பங்கு போட்டாலே 100 டெசிபெல்லைத் தாண்டிரும். அதுக்குப் போயி பவர் காணலேன்னு நீ குச்சி தேடினே பாரு, அங்கனதான் மாமனுக்குச் சிரிப்பு வந்துட்டு.

தெம்பு வேணுங்கிற ஹெட்போன் இல்லாம இல்லே. 1997லே சென்ஹைசர்காரன் விட்ட எச்.டி. 600 இன்னமும் விக்குது. அதுக்கு 300 ஓம். அதை நிமித்தணும்னா வோல்ட் வேணும். ஆப்பிள் வால் 1 வோல்ட் தரும். கையடக்க டேக்குகள்லே 2 வோல்ட் தர்றது உண்டு, 4.4 மில்லி பேலன்ஸ்டு ஓட்டை வெச்சதுலே 4 வோல்ட் வரைக்கும் உண்டு. 300 ஓம் வெச்சிருக்கிறவன் அதை வாங்கட்டும். நீ 16 ஓம் பொடிக்கு அதை மாட்டினா, வால்யூம் ரெண்டு கட்டம் ஏத்துறதுக்குள்ளே காது பிஞ்சிரும்; பாட்டு ஓயுற இடத்துலே ‘ஸ்ஸ்’னு சீறல் வேறே கேக்கும். வாங்குறப்போ ஒண்ணு மட்டும் பாரு: டேக்கோட அவுட்புட் ஓம், ஹெட்போன் ஓம்லே எட்டுலே ஒரு பங்குக்குள்ளே இருக்கணும். 16க்கு 2. கூடினா சில பொடியிலே பேஸ் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்னு சாயும்.

இப்போ குழியைச் சொல்லுதேன், கவனமாத் தாண்டு. ஆப்பிளோட சி டைப் வாலை ஆண்ட்ராய்டு ஃபோன்லே மாட்டினா சத்தம் கம்மியா வர்றது உண்டு. ஃபோனுக்கும் வாலுக்கும் வால்யூம் பேச்சுவார்த்தை சரியா நடக்காது. நேரடியா டேக்கோட பேசுற ஆப் போட்டாச் சரியாகும். அதுலேயும் ஐரோப்பாவுக்குன்னு செஞ்ச வாலுக்கு அரை வோல்ட்தான். அங்கே உள்ள சட்டம் காதைக் காப்பாத்துது. வெளிநாட்டுக் கூட்டாளி வாங்கிட்டு வர்றான்னா ஏ2049ஆ, ஏ2155ஆன்னு பாக்கச் சொல்லு. ரெண்டாவதுதான் அரை வோல்ட்.

ஆண்ட்ராய்டு ரொம்ப நாளா எந்தப் பாட்டு வந்தாலும் பொதுவா 48 கிலோஹெர்ட்ஸா மாத்தித்தான் வெளியே விட்டுது. 2023லே வந்த ஆண்ட்ராய்டு 14லே யூ.எஸ்.பி. டேக்குக்கு மாத்தாம விடுறதுக்கு வழி வெச்சான். ஆப்காரன் அதைப் பயன்படுத்தணும். இது தெரிஞ்சதும் நீ ஒரு வாரம் தூங்க மாட்டே. தூங்கு. 44ஐ ஒழுங்கா 48 ஆக்கினா உன் காது கண்டுபிடிக்காது. கண்டுபிடிக்கிறது எது தெரியுமா? பேட்டரி. டேக்கு ஃபோன் தலையிலே இருந்துதான் சாப்பிடுது. பெரிய குச்சி நல்லாச் சூடாகும், பையிலே வெச்சா நெஞ்சு வேகும். சார்ஜ் போட இன்னொரு ஓட்டை இல்லேன்னா, பாட்டா, சார்ஜான்னு நீயே பஞ்சாயத்து வெச்சுக்கணும்.

விறைப்பான குச்சியை நேரா ஃபோன்லே சொருகி, சட்டைப் பையிலே போட்டுக்கிட்டுக் குனிஞ்சேன்னு வையி, சி ஓட்டை ஆடிப் போகும். ஃபோன் போர்டு மாத்துற செலவுலே நாலு டேக் வாங்கலாம். குட்டை ஒயர் வெச்சதுதான் உத்தமம். சிக்னல் கம்மியான ஊர்லே ஃபோன் 2ஜிக்கு எறங்கினா, ‘டட் டட் டர்ர்ர்’னு ஒரு சத்தம் வரலாம். மேடையிலே தலைவர் மைக்குப் பக்கத்துலே செல்லை வெச்சாக் கேக்குமே, அதே சனியன். நொடிக்கு 217 தடவை ஃபோன் விட்டு விட்டு அலை வீசுது. அதுக்கு டேக்கைத் திட்டாதே.

கம்ப்யூட்டருக்கு வா. 2017லே இருந்து விண்டோஸ் 10 இந்தக் குச்சிகளைத் தானாவே புரிஞ்சுக்கிடுது, டிரைவர் பொதுவா வேண்டாம். மேக்கும் லினக்சும் முன்னாலேயே புரிஞ்சுக்கிட்டுது. பாட்டு ஆப்புலே எக்ஸ்குளூசிவ்னு ஒரு சுவிட்ச் இருக்கும். போட்டா வேறே எந்தச் சத்தமும் நடுவே புகாம பாட்டு மட்டும் டேக்குக்குப் போகும். நல்லதுதான். ஆனா சில கூட்டணியிலே விண்டோஸ் வால்யூமும் சேந்து ஒதுங்கிரும், பாட்டு முழு வேகத்துலே பாயும். மொதல் தடவை ஹெட்போனைக் கழுத்துலே தொங்க விட்டுட்டுப் பாட்டைத் தட்டு. காதுலே மாட்டிக்கிட்டுத் தட்டினவன் அன்னைக்கு முழுக்க எல்லாருக்கும் ‘என்ன? என்ன?’ன்னுதான் பதில் சொல்லுவான்.

அப்பொறம் இந்த வெளக்கு மயக்கம். 2012லே ஆடியோகுவெஸ்ட்காரன் 249 டாலருக்கு டிராகன்ஃபிளைன்னு ஒரு குச்சி விட்டான், பென்டிரைவ் அளவுலே. மேலே ஒரு தட்டான் படம். பாட்டோட தரத்துக்குத் தக்கன அது நெறம் மாறும். பின்னாலே வந்ததுலே எம்.க்யூ.ஏ.ன்னு ஒரு தனி ரகப் பாட்டுன்னா ஊதாவா எரியும். ஊதா எரிஞ்சாத்தான் உசந்த பாட்டுன்னு சனம் வெளக்கைப் பாத்துக்கிட்டே பாட்டுக் கேட்டுது. 2023லே எம்.க்யூ.ஏ. கம்பெனி கடனாளி நிர்வாகத்துக்குப் போச்சு. 2024லே அதை வளத்த டைடல்ங்கிற பாட்டுக் கம்பெனியே கை கழுவிட்டுது. ஊதா வெளக்குக்குக் காசு குடுத்தவன் இப்போ அதைக் கொலு பொம்மைக்குப் பக்கத்துலே வெச்சுக்கிடலாம்.

சத்தம் நல்லாருக்கணும்னா காசை எங்கே போடணும்? பொடிக்கு முனையிலே ரப்பர் இருக்கே, மொதல்லே அதை மாத்திப் பாரு. காதோட ஒட்டி அடைக்கலேன்னா பேஸ் பூராவும் வெளியே ஓடிரும். ஃபோன்லேயே ஈக்குவலைசர் இருக்கு, காசு கேக்காது. மூணு டெசிபெல் ஏத்தி எறக்கினா வர்ற வித்தியாசம் எந்த டேக்கும் தராது. அதுக்கும் மேலே காசு துள்ளினா ஹெட்போனை மாத்து. பாட்டையும் பாத்துக்க. 1978லே வந்த ‘ப்ரியா’ படத்துக்குத்தான் தமிழ்லே மொதல்லே ஸ்டீரியோவிலே பாட்டுப் பதிஞ்சாகன்னு நாங்க பெருமையாப் பேசுவோம். அதுக்கு முந்தின பாட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ. ரெண்டு காதுக்கும் ஒரே பங்கு. கேசட்டுலே இருந்து ஏத்தி யூடியூப்லே போட்ட பாட்டுக்கு நல்ல டேக்கு மாட்டினா, கேசட்டோட கரகரப்பு ரொம்பத் துல்லியமாக் கேக்கும். அம்புட்டுத்தான்.

காதையும் பாத்துக்கடே. உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கு: 80 டெசிபெல்லுன்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90ன்னா 4 மணி நேரந்தான். குச்சி எவ்வளவு உசத்தியோ, அவ்வளவு சுத்தமாச் சத்தம் ஏறும். சுத்தமா ஏறுறப்போ காது வலிக்காது, செவிடாத்தான் ஆகும். எங்க தொழில் ஆளுக நெறையப் பேருக்கு இன்னைக்குப் பொண்டாட்டி கூப்பிட்டாக் கேக்காது. எனக்குக் கேக்கும், நான் அதைக் காட்டிக்கிடுறதில்லே.

இத்தனை சொன்ன பொறவும் உன் மூஞ்சியிலே அந்தக் குச்சி ஆசை போகலை. சரி, ஒரு பந்தயம். உன் கூட்டாளிகிட்டே இருக்கிற 7,000 ரூவாக் குச்சியை ஒரு நாளைக்கு எரவல் வாங்கிட்டு வா. 1,000 ரூவா வால் எங்கிட்டே இருக்கு. ரெண்டுலேயும் 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஹெட்போன் மாட்டின நெலைமையிலேயே மல்டிமீட்டரை ஏ.சி.யிலே வெச்சு, வோல்ட் நூத்துக்கு ஒண்ணுகூட வித்தியாசம் இல்லாம நானே சரிக்கட்டுதேன். ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம், என் மீட்டர் அங்கே பொய் சொல்லும். ஏன் சரிக்கட்டணும்? கொஞ்சூண்டு சத்தம் கூடினாலே காது அதைத்தான் ‘ஆகா, தெளிவு’ன்னு சொல்லும். கடைக்காரன் பொழைக்கிறதே அந்த எடத்துலேதான்.

நீ முதுகைத் திருப்பி உக்காரு. அத்தை காசைச் சுண்டிப் பாத்து மாத்தி மாத்திச் சொருகுவா. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன், கண்ணைக் காட்டினேன்னு நாளைக்கு நீ சொல்லிரக் கூடாது. பாட்டு உன் இஷ்டம். பத்து வாட்டி. ஒம்பது வாட்டி சரியாச் சொல்லிட்டேன்னா, 7,000 ரூவாயை இந்த மாமன் எண்ணி வெக்கேன், நீ குச்சியை வாங்கிக்க. சொல்லலேன்னா, அதே 7,000 ரூவாய்க்கு எனக்கு ஒரு நல்ல ஹெட்போனா வாங்கிக் குடுத்துரு. டேக் வேண்டாம்டே, எங்கிட்டே இருக்கு.